16 கிலோ வார்ப்பிரும்பு கெட்டில்பெல்: கைப்பிடியைத் தடவிப் பார்த்து வாங்குங்கள்

சேலத்தில் வீட்டிலேயே உடம்பை வலுவாக்க ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்பவருக்கு, ஒரே வார்ப்பில் வந்த 16 கிலோ இரும்பு கெட்டில்பெல்லைத் தயங்காமல் சொல்லலாம். தலையில் கைப்பிடி வைத்த உருண்டைக் குண்டுதான் அது. அதோடு காலூன்ற ஒரு தரை, தொங்க ஒரு கம்பி இருந்தால் வருஷக்கணக்கில் வேறு செலவு வராது. ஆனால் கடைகளிலும் இணையத்திலும் கெட்டில்பெல் என்ற ஒரே பெயரில் ஐந்து விதமான பொருள் விற்கிறது. பெட்டியில் ஒட்டிய படத்தில் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். கையில் எடுத்து ஆட்டும்போதுதான் வித்தியாசம் புரியும், அதற்குள் பணம் போயிருக்கும்.

முதலில் தவிர்க்க வேண்டியது, பிளாஸ்டிக் ஓட்டுக்குள் சிமென்ட் கலவை அடைத்த குண்டு. விலை மலிவு, அதனால் நிறையப் பேர் இதில்தான் ஆரம்பிக்கிறார்கள். சிக்கல் எடையில் இல்லை, பருமனில் இருக்கிறது. வார்ப்பிரும்பு தண்ணீரைப்போல் ஏழு மடங்கு கனம். சிமென்ட் கலவை இரண்டரை மடங்கைத் தாண்டாது. எனவே 16 கிலோ இரும்புக் குண்டின் விட்டம் 16, 17 செ.மீ. அளவில் நின்றுவிடும்போது, அதே எடைச் சிமென்ட் குண்டு 23 செ.மீ. வரை உப்பிவிடுகிறது. ஸ்விங்கில், அதாவது குண்டைத் தொடைகளுக்கு நடுவிலிருந்து மார்பு உயரத்துக்கு ஆட்டும் பயிற்சியில், அது போக வழியில்லாமல் கால்களை அளவுக்கு மேல் அகட்ட வேண்டிவரும். தோளருகே தாங்கினால் முன்கை முழுக்க அழுந்தும். சில மாதம் தரையில் வைத்து எடுத்தபின் உள்ளே கலவை உடைந்து கலகலக்கும், அடிப்பக்கத் தையல் பிரிந்து பொடி கொட்டும்.

வினைல் சட்டை போட்ட இரும்பு அவ்வளவு மோசமில்லை. உள்ளே இரும்புதான், தரைக்கும் கொஞ்சம் பாதுகாப்பு. ஆனால் சட்டை அடிக்குழியை மறைத்துவிடுவதால் உள்ளே வார்ப்பு எப்படி என்று பார்க்க முடியாது. வியர்வை சட்டைக்கும் இரும்புக்கும் இடையில் இறங்கினால் துரு கண்ணுக்குத் தெரியாமல் வளரும். வெறும் முன்கையில் உராயும்போது தோலைப் பிடித்து இழுப்பதும் இதுதான்.

மூன்றாவது, லேத் பட்டறையில் சொல்லிச் செய்யும் குண்டு. உருக்காலை இருக்கும் ஊரில் குண்டுக்கா பஞ்சம் என்று இங்கே பலர் கேட்பார்கள். சேலம் உருக்காலையில் உருட்டுவது எவர்சில்வர் தகடு. குண்டு வார்ப்பது வேறு தொழில், அதற்குப் பெயர்போனது கோயம்புத்தூர் ஃபவுண்டரிகள். உள்ளூர்ப் பட்டறையில் பெரும்பாலும் கிடைப்பது, ஏதோ ஒரு இரும்புருண்டையின் தலையில் வளைத்த கம்பியையோ பைப்பையோ வெல்டிங் வைத்துக் கொடுப்பது. வெறுமனே தூக்கி இறக்க அது தாங்கும். ஸ்விங்குக்கு வேண்டாம். மார்பு உயரத்தில் கை நேராக இருக்கும் நிலையிலிருந்து ஊசல்போல் இறங்கும் குண்டு, அடிமட்டத்தைக் கடக்கும் கணத்தில் தன் எடையைப்போல் மூன்று மடங்கு இழுக்கும். 16 கிலோ அந்த நொடியில் 48 கிலோவாக இழுக்கிறது. ஒவ்வொரு ஆட்டத்திலும் இந்த இழுப்பு முழுக்க வெல்டிங் வைத்த இடத்தில் இறங்குகிறது. விரிசல் விழுந்தால் முன்கூட்டித் தெரியாது; குண்டு பறக்கும்போதுதான் தெரியும். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள் என்பதற்காகவே இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

போட்டி வகை எஃகுக் குண்டு அருமையான பொருள். 8 கிலோவானாலும் 32 கிலோவானாலும் ஒரே உயரம், ஒரே பருமன்: 28 செ.மீ. உயரம், 21 செ.மீ. விட்டம், கைப்பிடி 33 அல்லது 35 மி.மீ. எடையை நிறத்தால் அடையாளம் காணலாம். 16 மஞ்சள், 24 பச்சை, 32 சிவப்பு. எடை கூடினாலும் கையில் உட்காரும் இடம் மாறாது என்பதால் குண்டை ஒரே வீச்சில் தலைக்கு மேல் கொண்டுபோகும் ஸ்னாட்ச் நீண்ட நேரம் செய்பவர்களுக்கு இதற்கு ஈடில்லை. ஆனால் கைப்பிடியின் உள்ளகலம் குறைவு. இரண்டு கை வைத்து ஸ்விங் செய்யும்போது சுண்டுவிரல்கள் இரண்டு பக்கமும் நெரியும். விலையும் இரும்புக் குண்டைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் போகிறது. வீட்டில் ஆரம்பிப்பவருக்கு அந்தக் கூடுதல் பணத்தில் இரண்டாவது குண்டு ஒன்று வாங்கிக்கொள்வதே மேல்.

மிஞ்சுவது பவுடர் கோட்டிங் அடித்த ஒரே வார்ப்பு இரும்புக் குண்டு. 16 கிலோ பெரும்பாலும் 3,000 ரூபாயை ஒட்டிக் கிடைக்கிறது. இதிலும் நல்லது கெட்டது உண்டு. பிரித்தறிய வேண்டிய இடம் கைப்பிடி.

குண்டைக் கவிழ்த்துக் கைப்பிடியின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். மண் அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் ஒரு கோடு ஓடும். நல்ல தயாரிப்பில் அதை அரைத்து மழுக்கியிருப்பார்கள். மட்டமானதில் அந்த வரம்பின் மேலேயே கோட்டிங் அடித்து மறைத்திருப்பார்கள். பார்த்தால் வழவழப்பு, ஐம்பது ஸ்விங் போனதும் விரலடித் தோலைக் கிழிக்கும். விரலால் தடவினால் சில சமயம் ஏமாந்துவிடுவோம். ஒரு பஞ்சுத் துண்டையோ பழைய பனியன் துணியையோ கைப்பிடியைச் சுற்றி இழுத்துப் பாருங்கள், நூல் சிக்கும் இடத்தில் பிசிறு இருக்கிறது. சின்னப் பிசிறென்றால் குண்டை ஒதுக்க வேண்டியதில்லை. அரைவட்ட அரத்தால் கோட்டின் மேல் மட்டும் தேய்த்து, பிறகு 120 உப்புத்தாள், கடைசியில் 220. அரை மணி நேர வேலை. தேய்த்த இடத்தில் பெயின்ட் அடிக்காதீர்கள், வழுக்கும். வெறும் இரும்பாகவே விட்டுத் துடைத்து வைத்தால் போதும்.

அடுத்தது பருமன். கைப்பிடியைச் சுற்றி ஒரு நூலைக் கட்டி அளந்தால் 11 செ.மீ. வரவேண்டும், அது 35 மி.மீ. கனம். 12 செ.மீ. வந்தால் 38 மி.மீ. பெரிய கைக்காரருக்குப் பரவாயில்லை, சிறிய கைக்காரருக்குப் புட்டம் களைக்கும் முன் பிடி களைத்துவிடும். உள்ளகலத்தில் இரண்டு கையும் பக்கத்தில் பக்கமாக அடங்க வேண்டும். கைப்பிடிக்கும் உருண்டைக்கும் நடுவே உள்ள உயரமும் முக்கியம். அது 5 செ.மீ.க்குக் குறைந்தால், தோளருகே தாங்கும்போது உள்ளங்கை உள்ளே முழுக்க நுழையாமல் மணிக்கட்டு பின்னால் மடங்கும். சேலத்துக் கடைகளில் வரும் சில குண்டுகளில் இந்த இடைவெளிதான் கோளாறு, ஒரு கையை நுழைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

மற்ற சோதனைகள் சீக்கிரம் முடியும். டைல்ஸ் தரையில் வைத்து விரலால் தள்ளினால் ஆடக் கூடாது. காதோரம் குலுக்கினால் சத்தம் வரக் கூடாது. வந்தால் உள்ளே எதையோ அடைத்து எடையை ஈடுகட்டியிருக்கிறார்கள். கைப்பிடியின் கொம்புகள் உருண்டையோடு சேரும் இடத்தில் வளையம்போல் கோடு தெரிந்தால் வெல்டிங். எடையை மட்டும் நம்பிக்கையில் விடாதீர்கள். செவ்வாய்ப்பேட்டையில் ஏதாவது மண்டித் தராசில் வைத்தால் ஒரு நிமிஷம். 200, 300 கிராம் முன்பின் இருந்தால் குற்றமில்லை. ஒரு கிலோ குறைந்தால் திருப்பிக் கொடுங்கள். இணையத்தில் வாங்கும்போது இதெல்லாம் வீட்டுக்கு வந்தபிறகுதான் முடியும், 16 கிலோவைத் திருப்பி அனுப்புவது எளிதுமில்லை. அதனால் இந்த ஒரு பொருளை நேரில் போய் வாங்குவதே நல்லது.

16தானா என்று கேட்பார்கள். ரஷ்யாவில் தானியம் நிறுக்கப் பயன்பட்ட பூட் என்ற பழைய எடை 16.38 கிலோ, 16, 24, 32 என்ற வரிசை அந்த ஒன்று, ஒன்றரை, இரண்டு பூட் கணக்கில் வந்தது. ஓரளவு உடல் உழைப்புள்ள ஆணுக்கு 16 சரியான தொடக்கம். பெண்களுக்கு 8 அல்லது 12. சந்தேகம் வந்தால் ஒரு சோதனை போதும்: கால் மடக்காமல், இடுப்பை வளைக்காமல், ஒரு கையால் தோளிலிருந்து தலைக்கு மேல் ஐந்து முறை தூக்க முடிந்தால் அந்த எடையில் எல்லாப் பயிற்சியும் செய்யலாம். ஒன்றிரண்டுதான் முடிகிறது என்றாலும் ஸ்விங்குக்கும், உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டுக்கும் அது சரிப்பட்டுவரும். மேல் தூக்கலுக்கு அதுவரை தண்டால் இருக்கிறது. 4 கிலோ குண்டு வாங்கிக் கைவிரலால் ஆட்டுவதில் பயனில்லை. லேசான குண்டைக் கையாலேயே தூக்கிவிடலாம் என்பதால் இடுப்பு வேலை செய்யக் கற்றுக்கொள்வதே இல்லை.

இந்தக் கருவியின் உயிர் ஸ்விங்கில் இருக்கிறது, கெட்டுப்போவதும் அங்கேதான். கால்களைத் தோளகலத்துக்குச் சற்று அதிகம் வைத்து, குண்டைக் கால்களுக்கு ஒரு அடி முன்னால் வையுங்கள். இடுப்பைப் பின்னுக்குத் தள்ளிக் குனிந்து கைப்பிடியைப் பிடித்து, குண்டை உங்கள் பக்கம் சாய்த்து, தொடைகளின் மேற்பகுதிக்கு நடுவே பின்னால் வீசுங்கள். முன்கை உள்தொடையில் பட வேண்டும். அங்கிருந்து புட்டத்தை இறுக்கி ஒரே வெட்டில் நிமிருங்கள். கை வெறும் கயிறு. குண்டைத் தூக்குவது இடுப்பு. குண்டு மார்பு உயரம் வரை மிதந்தால் போதும், நிமிரும்போது மூச்சைச் சட்டென்று விடுங்கள். கீழே வரும்போது அவசரப்பட்டுக் குனியாமல், முன்கை இடுப்பைத் தொடும்வரை காத்திருந்து அப்புறம் இடுப்பை மடக்க வேண்டும்.

நடுமுதுகுக்குக் கீழே வலி வருகிறது என்பவர்களில் பலருக்குக் காரணம் ஒன்றுதான்: குண்டு முழங்காலுக்குக் கீழே இறங்குகிறது. முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழுந்தால் அப்படி ஆகும், சீக்கிரமே குனிந்தாலும் ஆகும். குண்டு தாழ இறங்க இறங்க முதுகு அதைத் தாங்க வேண்டிவருகிறது. இதைத் திருத்தக் குண்டே தேவையில்லை. சுவருக்கு முதுகைக் காட்டி ஒரு அடி தள்ளி நின்று, முழங்காலை லேசாக மட்டும் மடக்கி, புட்டத்தால் சுவரைத் தொடுங்கள். வசப்பட வசப்பட இன்னும் இரண்டு விரற்கடை முன்னே நகருங்கள். தொடையின் பின்பக்கம் இழுப்பது தெரிந்தபிறகு குண்டைத் தொட்டால், முதல் நாளே ஸ்விங் ஒழுங்காக வரும்.

குண்டைக் கீழிருந்து தோளருகே கொண்டுவரும் க்ளீன் செய்யும்போது முன்கையில் அடிபட்டு நீலம் பாரிப்பது எல்லாரும் சொல்லும் புகார், அதற்குக் குண்டைக் குறை சொல்வதில் நியாயமில்லை. முழங்கை விலாவை விட்டு அகன்று போனால் குண்டு வட்டமடித்து முன்கையில் விழும். முழங்கையை உடம்போடு ஒட்டி, குண்டைச் சட்டைப் பொத்தான் வரிசையை ஒட்டியே மேலே கொண்டுவந்து, இடுப்பைத் தாண்டியதும் பிடியைத் தளர்த்திக் கையை உள்ளே நுழைக்க வேண்டும். கட்டைவிரல் இடுக்கிலிருந்து உள்ளங்கையின் அடிமேடு வரை கைப்பிடி குறுக்காகப் படிய வேண்டும். ஒன்று மட்டும் உண்மை: இந்த வகை இரும்பில் உருண்டை சிறியது என்பதால் அது மணிக்கட்டு எலும்புக்குப் பக்கத்தில் உட்காருகிறது. முதல் சில வாரம் மணிக்கட்டுப் பட்டை கட்டிக்கொள்ளலாம்.

டர்கிஷ் கெட்-அப்பை எடுத்த எடுப்பில் குண்டோடு செய்யாதீர்கள். மல்லாந்து படுத்து, மேலே நீட்டிய முஷ்டியின் மேல் ஒரு செருப்பை வைத்து, முழங்கை, உள்ளங்கை, இடுப்பு தூக்கல், காலைப் பின்னிழுத்து முட்டியிடல், எழுந்து நிற்றல் என்று செருப்பு விழாமல் எழுந்து, அதே வழியில் திரும்பப் படுக்க முடிகிற வரை குண்டு காத்திருக்கட்டும்.

மற்ற பாதி வேலையைச் சொந்த உடம்பு பார்த்துக்கொள்ளும். நம் பயில்வான்கள் எடுத்த தண்டாலும் பஸ்கியும் கெட்டில்பெல்லுக்கு இவ்வளவு பொருத்தமாக அமைவது சந்தோஷமான விஷயம். ஸ்விங் பின்பக்கத்தை இழுக்கிறது, தண்டால் முன்பக்கத்தைத் தள்ள வைக்கிறது. கர்லாக்கட்டை வீட்டில் இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள்; தோளைச் சுற்றி அது தரும் சுழற்சியைக் கெட்டில்பெல் தராது. கெட்டில்பெல்லால் கொஞ்சமும் ஈடுகட்ட முடியாதது ஒன்று உண்டு, மேலிருந்து தொங்கி இழுப்பது. கதவுச் சட்டக் கம்பியோ பூங்காக் கம்பியோ கட்டாயம் வேண்டும். புல்-அப் வராதவர்கள் முக்காலி மேல் ஏறி, மோவாய் கம்பிக்கு மேல் இருக்கும் நிலையிலிருந்து ஐந்து எண்ணும் வரை மெதுவாக இறங்கட்டும்.

வாரம் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். நிமிஷத்துக்கு ஒரு முறை பத்து ஸ்விங், மீதி நேரம் ஓய்வு, பத்து நிமிஷம். பிறகு குண்டை மார்போடு அணைத்து கோப்லெட் ஸ்குவாட் ஐந்து ஐந்தாக மூன்று முறை, ஒவ்வொரு கைக்கும் தோளிலிருந்து தலைக்கு மேல் தூக்கும் பிரஸ் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறி மூன்று சுற்று, நடுநடுவே புல்-அப் முடிந்த அளவில் பாதி. கடைசியில் தண்டால். முப்பத்தைந்து நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். வேகம் குறைந்த ஸ்விங்கை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள், குண்டு மார்புக்கு வராவிட்டால் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள். ரத்த அழுத்தம் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள், தண்டுவட வட்டு விலகியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

இனி நம் ஊர் வெயில். சித்திரை, வைகாசியில் மொட்டை மாடியில் விட்ட குண்டை மதியத்துக்கு மேல் கையால் தொட முடியாது. பொழுது விடியும் முன்பே செய்துவிடுவது நல்லது, அப்போதும் உள்ளங்கை வழியும். பளபளப்பான எனாமல் அடித்த கைப்பிடி சேலத்துக்கு ஆகாது என்பதற்கு இதுவே காரணம். பவுடர் கோட்டிங்கின் சொரசொரப்பு பிடியைக் காக்கும். வழுக்கினால் ஜிம் சாக் பூசிக்கொள்ளுங்கள், முகப்பவுடர் வேண்டவே வேண்டாம், அது இன்னும் வழுக்கும். ஜிம் சாக் என்பது மெக்னீசியம் கார்பனேட். சேலத்தை ஒட்டிய கரட்டில் வெட்டியெடுக்கும் வெள்ளைக்கல்லும் அடிப்படையில் அதே பொருள்தான். அதற்காகக் கல்லைப் பொடித்துப் பூசக் கூடாது, அது கடினமான கல், கூடவே வேறு தாதுக்களும் கலந்திருக்கும். கடையில் 56 கிராம் கட்டியாக விற்பதே போதுமானது, மாதக்கணக்கில் வரும். காய்ப்பு மேடிட்டால் குளித்தபின் குதிகால் தேய்க்கும் கல்லால் தேய்த்து மட்டமாக்குங்கள். மேடிட்ட காய்ப்புதான் கிழியும்.

ஏற்காட்டில் கதை வேறு. 1,500 மீட்டர் உயரம், மழைக்காலத்தில் மூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து படியும். கோட்டிங் பெயர்ந்த ஒவ்வொரு இடத்திலும் செம்மண் நிறத்தில் துரு பூக்கும். பயிற்சி முடிந்ததும் காய்ந்த துணியால் துடைத்து, சிமென்ட் தரையிலோ சுவரோரத்திலோ வைக்காமல் ஒரு பலகை மேல் வையுங்கள். துரு வந்துவிட்டால் கம்பி பிரஷ், உப்புத்தாள், பிறகு தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவி நன்றாகத் துடைத்தெடுக்க வேண்டும். உருண்டையில் மட்டும் கறுப்புப் பெயின்ட் அடிக்கலாம். கீழேயிருந்து குண்டைக் கொண்டுபோகும்போது கவனம்: இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் ஸ்கூட்டர் கால்வைக்கும் இடத்தில் அது உருளும். கோணிப்பையில் போட்டு, பழைய துண்டைச் சும்மாடு போலச் சுருட்டி அடியில் வைத்துக் கட்டிவிட்டால் அசையாது.

தரையைப் பற்றிக் கடை சொல்வதில்லை. மாடியில் பதித்த ஓட்டில் ஒருமுறை குண்டு தவறினால் ஓடு உடையும், அடுத்த மழையில் கீழே ஒழுகும். ஜிம்முக்கென்று விற்கும் மெல்லிய நுரை விரிப்பு இதற்குப் பிரயோஜனமில்லை. மாட்டுக் கொட்டகைக்கு விற்கும் 15 மி.மீ.க்கு மேல் கனமுள்ள ரப்பர் மேட் ஒன்று வாங்கினால் குண்டுக்கும் போதும், தண்டாலுக்கும் வழுக்காது. முதல் சில நாள் ரப்பர் வாடை வரும், வெயிலில் போட்டுக் கழுவினால் குறையும்.

இந்தக் குண்டில் உள்ள உண்மையான குறை, எடையை ஏற்ற முடியாது என்பது. 16 இலேசானதும் 24க்குப் போனால் ஒரேயடியாகப் பாதி எடை கூடுகிறது. ஸ்விங்குக்கும் ஸ்குவாட்டுக்கும் அந்தத் தாவல் ஒத்துக்கொள்ளும், பிரஸ்ஸுக்கு ஒத்துக்கொள்ளாது. அதனால் 16ஐ ஒவ்வொரு கையாலும் பத்து முறை சுத்தமாக மேலே தூக்க முடிகிற வரை இரண்டாவது குண்டு வாங்க வேண்டாம். அதுவரை தண்டாலில் காலைத் திண்ணைமேல் ஏற்றலாம், ஸ்குவாட்டில் கீழே மூன்று எண்ணி நிற்கலாம், ஒற்றைக் காலில் எழப் பழகலாம். அதன்பிறகு வாங்கும்போது ஸ்விங்குதான் முக்கியம் என்றால் 24, பிரஸ் முக்கியமென்றால் 20. மூடும் ஜிம்களில் பழையது கிடைத்தால் தாராளமாக வாங்கலாம், கோட்டிங் உரிந்திருப்பது பொருட்டல்ல. கொம்பின் அடியில் வெல்டிங் கோடும் அடியில் விரிசலும் இல்லையா என்று மட்டும் டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.